தண்ணீர் விழுகிறது, யூனிட் ஏறுகிறது

ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் மூன்று காரியம் செய்யாமல் திரும்புவதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். வறுத்த மீன் தின்பார்கள். தொங்கு பாலத்தில் நின்று அருவியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணி சும்மா விழுதே, இதுல கரண்ட் எடுத்தா என்னவாம்?" என்று கேட்பார்கள். பரிசல்காரரிடம் கேட்பார்கள், மசாஜ் செய்கிறவரிடம் கேட்பார்கள், டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஆளையும் விடமாட்டார்கள். "அதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் சார்" என்று மழுப்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம்.

மழுப்பி மழுப்பி எனக்கு அலுத்துவிட்டது. கேட்கிறவர் மேல் கோபமில்லை. நியாயமான கேள்விதான். அதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமலே காலத்தை ஓட்டுகிறார்களே, அதுதான் எரிகிறது.

பிலிகுண்டுலுவில் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. அங்கே எடுக்கிற கணக்கு தினமும் செய்தியில் வருகிறது. 'ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு 8 ஆயிரம் கனஅடியிலிருந்து 10 ஆயிரம் கனஅடியாக அதிகரிப்பு, பரிசல் இயக்கத் தடை, அருவியில் குளிக்கத் தடை.' இதைக் கேட்டுக் கேட்டே எங்கள் பிள்ளைகளுக்குக் கனஅடி மனப்பாடம். அந்தக் கனஅடியில் எத்தனை யூனிட் மின்சாரம் இருக்கிறது என்று மட்டும் எந்தச் செய்தியிலும் வராது. சரி, நாமே போட்டுப் பார்த்துவிடுவோம்.

விநாடிக்கு 10 ஆயிரம் கனஅடி என்றால் சுமார் 283 கன மீட்டர். அருவியின் உயரம் ஏறக்குறைய 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கிளையாகப் பிரிந்து விழுகிற தண்ணீரை எல்லாம் ஒரே குழாயில் திருப்பிவிட முடிந்தால், இயந்திரத்தில் ஆகிற சேதாரம் போக 47 மெகாவாட் தேறும். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டும் என்று சொன்னது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அதை ஆண்டு முழுக்கச் சீராகப் பரப்பினால் விநாடிக்கு சுமார் 5,600 கனஅடி. அதில் கிடைப்பது 26 மெகாவாட் சொச்சம்.

ஆனால் காவிரி அப்படிச் சீராக வருகிற ஆளா? 2018 ஆகஸ்டில் 2 லட்சம் கனஅடி வந்தது. அப்போது அருவி எங்கே, பாறை எங்கே என்றே தெரியாது. மேலும் கீழும் ஒரே மட்டமாகத் தண்ணீர் நின்றால் விழுகிற உயரமே இல்லை, மின்சாரம் எங்கிருந்து வரும்? 2024 கோடையில் சில நூறு கனஅடிதான் ஓடியது, பாறை காய்ந்து கிடந்தது. அந்தத் தண்ணீரில் டர்பைன் சுற்றாது. ஆக, அருவியில் நேராகச் சக்கரத்தை மாட்டிக் கரண்ட் எடுக்கிற கதை இங்கே எடுபடாது. தண்ணீரை எங்கேயாவது தேக்கி, அளந்து விட வேண்டும். தேக்க வேண்டும் என்று சொன்ன உடனே வில்லங்கம் ஆரம்பமாகிவிடுகிறது.

இதையெல்லாம் யாரும் யோசிக்காமல் இல்லை. என்.எச்.பி.சி. எனப்படும் தேசிய நீர்மின் கழகம் கால் நூற்றாண்டுக்கு முன்பே காவிரியில் நாலு திட்டங்களை முன்வைத்தது. கர்நாடகத்தில் சிவனசமுத்திரத்தில் 270 மெகாவாட், மேகதாதுவில் 400. தமிழ்நாட்டில் ராசிமணலில் 360, ஒகேனக்கல்லில் 120. மொத்தம் 1,150 மெகாவாட். நாலும் ஒரே ஆறு, ஒரே தண்ணீர். மேலே ஒரு தடவை சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே வந்து இன்னொரு சக்கரத்தைச் சுற்றும், கடைசியில் மேட்டூருக்குப் போய்ச் சேரும். மின்சாரம் எடுப்பதால் ஒரு சொட்டும் குறையாது. காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

இரண்டு மாநிலமும் சேர்ந்து தலையாட்ட வேண்டும் என்கிற இடத்தில்தான் வண்டி நின்றது. இந்தப் பகுதியில் காவிரி சுமார் 64 கிலோமீட்டருக்கு இரு மாநில எல்லையாகவே ஓடுகிறது. ஒரு கரை அவர்களுடையது, மறு கரை நம்முடையது. அணை கட்டினால் இரண்டு கரையையும் தொட்டாக வேண்டும். தங்கள் பக்கம் இருக்கிற மேகதாதுவை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று கர்நாடகம் கிளம்பியது. இன்றைக்கு அந்தத் திட்டம் 67.16 டி.எம்.சி. தேக்குகிற அணையாக, பெங்களூரு குடிநீர், 400 மெகாவாட் மின்சாரம், 9 ஆயிரம் கோடி ரூபாய் செலவு என்று வளர்ந்து நிற்கிறது. விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க மத்திய நீர்வள ஆணையம் 2018 நவம்பரில் அனுமதித்தது. விடக்கூடாது என்று நாம் நீதிமன்றத்துக்குப் போனோம். டெல்டாவுக்கு வருகிற தண்ணீரை மறிப்பார்கள் என்ற பயம் நியாயமானது. மேகதாது வேண்டாம், ராசிமணலில் நாம் கட்டுவோம் என்று இங்கே விவசாயிகள் கேட்டால், அங்கே போராட்டம் கிளம்பும். அவர்கள் கட்டுவதை நாம் தடுக்க முடியும். நாம் கட்டுவதை அவர்கள் தடுக்க முடியும். சேர்ந்து கட்டத்தான் ஒருவராலும் முடியவில்லை.

இதே காவிரியில்தான் சிவனசமுத்திரத்தில் 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்தார்கள். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்து ஏற்பாடு. அங்கிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்துத் தமிழ்க் கூலிகள். 1924-இல் மைசூரும் சென்னை மாகாணமும் ஒப்பந்தம் போட்டன. அவர்களுக்குக் கிருஷ்ணராஜ சாகர், நமக்கு மேட்டூர். மேட்டூர் அணை வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தே போனது. வெள்ளைக்காரன் ஆட்சிக்குச் சலாம் போடச் சொல்லவில்லை. அவர்கள் போட்ட ஒப்பந்தத்தில் நமக்கும் கர்நாடகத்துக்கும் ஆயிரம் குறை உண்டு. குறையோடாவது ஒன்றை முடித்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

கேரளத்தோடு நாம் சண்டை போடாததா? பெரியாறு அணை என்றால் இரண்டு பக்கமும் ரத்தம் கொதிக்கும். ஆனாலும் அந்தத் தண்ணீர் மலை இறங்கி வருகிற லோயர் கேம்ப்பில் ஐம்பதுகளின் கடைசியிலேயே மின் நிலையம் வந்துவிட்டது. அதற்காகக் கேரளத்துக்குத் தனியாகக் கட்டணம் கொடுப்பது என்று 1970-இல் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டோம். பரம்பிக்குளம் ஆழியாறு இன்னொன்று. கேரள மண்ணில் இருக்கிற அணைகளைத் தமிழ்நாடு இயக்குகிறது, வழியிலேயே மின்சாரமும் எடுக்கிறது. மனஸ்தாபம் தீர்ந்த பிறகுதான் வேலை என்று உட்கார்ந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

கண்டம் தாண்டிப் பார்த்தால் பிரேசிலும் பராகுவேயும் எல்லை ஆறான பரனாவில் இதைச் செய்தன. 1973-இல் உடன்படிக்கை, ஆளுக்குப் பாதி மின்சாரம், இன்றைக்கு இத்தாய்ப்பூ அணையின் திறன் 14 ஆயிரம் மெகாவாட். அதே கதையின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். அந்த அணைக்காக 1982-இல் குவைரா என்ற மாபெரும் அருவி நீருக்குள் மூழ்கியது. உலகம் முழுக்க ஆட்கள் தேடி வந்து பார்த்த அருவி, ஒரேயடியாகக் காணாமல் போனது.

அதனால்தான், 'கட்டு, கட்டு' என்று நான் கொடி பிடிக்கவில்லை. இங்கே அணை வந்தால் மூழ்குவது காடு. இரு கரையிலும் காவிரி வனவிலங்கு சரணாலயங்கள் இருக்கின்றன, யானை நடமாட்டம் இருக்கிறது. மேகதாதுவில் மட்டும் சுமார் 5 ஆயிரம் ஹெக்டேர் மூழ்கும் என்கிறார்கள். ஒகேனக்கல்லில் தண்ணீரைத் தேக்கினால் பரிசல் ஓட்டுகிறவன் எங்கே ஓட்டுவான், மசாஜ் செய்கிறவன் யாருக்குச் செய்வான், மீன் வறுக்கிறவர் எதை வறுப்பார்? 120 மெகாவாட்டுக்காக இத்தனையையும் இழக்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், யோசிக்க வேண்டிய கேள்விதான். யோசித்து, 'வேண்டாம்' என்று முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம். வேண்டும் என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் தேர்தலுக்குத் தேர்தல் கோப்பைத் தூசி தட்டுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீரிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கவில்லை. ஆனால் ஒகேனக்கல் தண்ணீருக்காகத் தினமும் மின்சாரம் செலவாகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பார்கள். தாண்டிய தண்ணீரைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்தோம். பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிள்ளைகளும் கால் வளைந்த பெரியவர்களும் எந்த ஊரில் இல்லை? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 1998-இல் மத்திய அரசின் இசைவு கிடைத்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல். உடனே எல்லைக்கு அப்பால் ரகளை, பஸ் நிறுத்தம். கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று கொஞ்ச காலம் நிறுத்தியும் வைத்தார்கள். ஜப்பான் நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாயில் ஒருவழியாக 2013 மே மாதம் திறப்பு விழா நடந்தது. இசைவுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் நடுவே பதினைந்து வருடம். ஒரு குழந்தை பிறந்து பத்தாம் வகுப்பு எழுதுகிற காலம். வந்ததே என்று கும்பிடுகிறோம். ஆற்றிலிருந்து மேட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோகிற பம்புகள் எல்லாம் கரண்டில்தான் ஓடுகின்றன. வெள்ளக் காலத்து உபரி நீரை ஏரிகளுக்கு ஏற்றிக் கொடுங்கள் என்று மாவட்டமே கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கும் பம்புதான், கரண்டுதான்.

அந்தக் கரண்ட் எப்படி இருக்கிறது? சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் மீன் கடைப் பக்கம் வந்து பாருங்கள். தோசைக்கல்லில் கட்லா துண்டும் அரஞ்சானும் வேகின்றன, அது விறகு அடுப்பு, கவலையில்லை. மேலே பல்பு மினுக்மினுக் என்கிறது. ஃப்ரீசர் 'உர்' என்று ஒரு தடவை உறுமிவிட்டு அடங்குகிறது. ஸ்டெபிலைசர் முள் 170-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது. "மசாலா தீந்துபோச்சுண்ணா, மிக்சி ஓடல. லோ வோல்டேஜு. கொஞ்சம் இருங்கண்ணா" என்கிறார் கடைக்கார அம்மா. அவர் குரலில் கோபம்கூட இல்லை. பழகிவிட்டது. மறுநாள் காலையில் ஐஸ் வண்டிக்காரரிடம் கூடுதலாக ஒரு பாளம் வாங்குகிறாரே, அந்தக் காசு எந்த மின்கட்டணப் பட்டியலிலும் ஏறாது.

மாலை நேரம்தான் மாநிலத்துக்கே இக்கட்டான நேரம். பகலில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது. பொழுது சாய்ந்தால் அது போய்விடும். காற்றாலை அதன் இஷ்டத்துக்குச் சுற்றும். வீட்டில் விளக்கு, ஃபேன், ஏ.சி. எல்லாம் ஒரே நேரத்தில் ஏறும். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பற்றாக்குறைக்குச் சந்தையில் வாங்கினால் மாலை நேரத்தில் யூனிட் பத்து ரூபாய் வரைக்கும் போகும். அனல் மின் நிலையத்தை நினைத்த நேரத்தில் ஏற்றி இறக்க முடியாது. நீர்மின் நிலையத்தையோ சில நிமிடத்தில் ஓடவிட்டு, வேண்டாதபோது நிறுத்தலாம். 120 மெகாவாட் என்பது அளவில் சின்னது. மாலை ஏழு மணிக்கு அதன் மதிப்பு வேறு.

நம்மிடம் இருக்கிற நீர்மின் திறன் மொத்தம் சுமார் 2,300 மெகாவாட். 1932-இல் பைக்காரா, பிறகு மேட்டூர், பிறகு குந்தா என்று மலை மலையாகத் தேடிக் கட்டினார்கள். மேட்டூரில் அணை மின் நிலையமும் சுரங்க மின் நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட். அதற்குக் கீழே கதவணைகளில் ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். ஆனால் அங்கே பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தால்தான் மின்சாரம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிற நிலையம் ஆனைமலையில் காடம்பாறையில் 400 மெகாவாட் அளவுக்கு எண்பதுகளிலேயே கட்டிவிட்டோம். அதே மாதிரி குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை வருடக்கணக்கில் இழுத்தது. இதற்கு எந்தப் பக்கத்து மாநிலமும் குறுக்கே நிற்கவில்லை. இரண்டுமே நம் மலை, நம் தண்ணீர். அண்டை மாநிலத்தைக் காரணம் காட்ட முடியாத இடத்திலும் இதே இழுவைதான் என்றால் யாரை நோவது?

சீர்திருத்தம் நடக்கவில்லையா என்றால், நடந்துகொண்டேதான் இருக்கிறது. 1957-இல் மின்சார வாரியம். 2010 நவம்பர் 1-ஆம் தேதி அதை உடைத்து உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் ஒரு கழகம், மின் தொடரமைப்புக்கு ஒரு கழகம். 2024-இல் மறுபடி உடைத்து உற்பத்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு நல்ல வேலை. ஊரில் எல்லாருக்கும் அது இன்னும் ஈ.பி.தான். கடன் ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. 'உதய்' திட்டத்தில் 2017-இல் சேர்ந்து 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அதற்குப் பிறகும் கடன் வளர்ந்தது. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியது. அதிலிருந்து ஏறுவது வழக்கமாகிவிட்டது.

முதல் நூறு யூனிட் இலவசம், விவசாயத்துக்கு இலவசம். அதை நான் குறை சொல்லமாட்டேன், அந்த இலவசத்தில் பிழைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். என் ஆத்திரம் 500-ஆவது யூனிட்டில் வைத்திருக்கிற பொறியின் மேல். 2022 செப்டம்பர் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 510 ஓடினால் 2,030 ரூபாய். கடைசிப் பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! கூடுதல் பத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் போடுவதோடு விடுவதில்லை. 101 முதல் 200 வரைக்கும் 2.25 ரூபாய் என்று கொடுத்த சலுகையையும் திரும்பிப் போய்ப் பிடுங்கி 4.50 ஆக்கிவிடுகிறார்கள். கணக்கெடுக்க வருகிறவர் இரண்டு நாள் தள்ளி வந்தால் வீட்டில் அம்மாக்களுக்குப் படபடப்பு. 'ஃபேனை நிறுத்து, மோட்டாரைப் போடாதே' என்று மீட்டருக்குக் காவல் நிற்கிறார்கள். மாதா மாதம் கணக்கெடுத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும் என்று தெரிந்துதான் 2021 தேர்தலில் வாக்குறுதியும் கொடுத்தார்கள். ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்று அதையும் வருடக்கணக்கில் தள்ளினார்கள். மாதம் ஒரு தடவை மீட்டரைப் பார்க்க என்ன ஸ்மார்ட் வேண்டிக்கிடக்கிறது? ஆளைப் போட்டால் போதாதா?

இத்தனைக்கும் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒகேனக்கல்லிலும் ராசிமணலிலும் மின் திட்டம் உண்டா இல்லையா என்று இரண்டு மாநிலமும் மத்திய அரசும் உட்கார்ந்து ஒரு முடிவு சொல்லட்டும். உண்டு என்றால் யார் கட்டுவது, தண்ணீர் திறப்பது யார் கையில், மின்சாரத்தில் யாருக்கு எத்தனை பங்கு, மூழ்குகிற காட்டுக்கும் பிழைப்புக்கும் என்ன பதில் என்று எழுதட்டும். இல்லை என்றால், இல்லை என்று எழுதிக் கோப்பைக் கட்டி வைக்கட்டும். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் எங்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டாம். நம் எல்லைக்குள் இருக்கிற வேலையையாவது சொன்ன தேதியில் முடிக்கட்டும்.

முடிவெடுக்காமல் இருந்தால் செலவு ஒன்றுமில்லை என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. மாலையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய யூனிட்டும், அதற்கு வாங்கிய கடனும், கடனுக்கு வட்டியும் சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டு மீட்டருக்குத்தான் வந்து சேர்கின்றன. நாங்கள் கட்டுகிற ஒவ்வொரு மின்கட்டணத்துக்கும் ஒரு கடைசி தேதி போட்டிருக்கிறார்கள். தாண்டினால் அபராதம், அப்புறமும் கட்டாவிட்டால் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கு மட்டும் தேதி போடத் தெரிந்தவர்கள், தங்கள் மேசையில் கால் நூற்றாண்டாகக் கிடக்கிற கோப்புக்கும் ஒரு தேதி போடட்டுமே!